ஒரே வார்த்தை இரண்டு தடவை

லிஃப்ட் நின்று எட்டு மாதம் ஆயிற்று. அம்மா கீழே இறங்கியும் எட்டு மாதம்.

ஏழாவது மாடி. நூற்று இருபத்தாறு படி. அம்மாவின் முழங்கால்கள் பத்துப் படிக்கு மேல் தாங்காது. ஒரு தடவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். படி முதலில் திரும்பும் இடத்திலேயே நாற்காலிக் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நாற்காலி சாய்ந்தது. அம்மா போட்ட சத்தத்தில் கட்டடம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"இறக்குங்கடா. பொணத்ததான் இப்படித் தூக்குவாங்க. நான் போனா நின்னுக்கிட்டுப் போவேன்."

அன்றோடு நாற்காலிப் பேச்சு முடிந்தது.

அதன் பிறகு அம்மாவுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். தொட்டிக்கு மூடி சரியாக இல்லை என்று எட்டு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பு கட்டிலுக்கு அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பெரியம்மா விழுந்தாள். அம்மாவின் ஒரே அக்கா. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. அரை மணி நேர பஸ் தூரத்தில் படுத்துக் கிடந்தாள். பெரியம்மாவின் மகன் வாரத்துக்கு இரண்டு தடவை அம்மாவின் மகளுக்குப் போன் செய்தான்.

"தங்கச்சி, சித்திய எப்படியாவது கூட்டிட்டு வா. அம்மா வாசலையேதான் பாத்துட்டிருக்கு. போன காதுல வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குது. எவ்ளோ நாள்னு டாக்டர் சொல்ல மாட்டேங்குறாரு."

"பாக்குறேண்ணா."

"பாக்குறேன் பாக்குறேன்னு எவ்ளோ நாள் பாப்ப?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் எழுதுவதுதான் அவள் வேலை என்பதை அண்ணனிடம் அவள் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது லிஃப்டின் முன்னால் கூட்டம். பூட்டிய இரும்புக் கதவில் லிஃப்ட் கம்பெனியின் நான்காவது பதில் கடிதம் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் முதல் மூன்றும் வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தன. கடிதத்தின் முன்னால் மூன்றாம் மாடிக் கமா சார் நின்றிருந்தார். ஒரு பத்திரிகையில் முப்பத்து நான்கு வருடம் புரூஃப் ரீடராக இருந்தவர். இன்னமும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா. பேருந்து டிக்கெட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கிழித்துப் போடுவார் என்று கட்டடத்தில் கிண்டல் செய்வார்கள்.

"'இன் த லாங் ரன்'னா என்ன சார்?" என்று கேட்டாள் இரண்டாம் மாடி டெய்லரக்கா.

"நீண்ட ஓட்டத்தில்."

"யாரு ஓடுறது?"

"யாரும் ஓடல. கொஞ்ச காலம் போகணும். போனா, மொத்தமாக் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, நல்லதுதான் நடக்கும்னு அர்த்தம்."

"எனக்கு நல்லது எதுவும் நடக்க வேணாம் சார். லிஃப்ட் நடந்தாப் போதும்."

"லிஃப்ட் எப்படிக்கா நடக்கும்?" என்றான் ஐந்தாம் மாடி டிரைவர்.

"நீ நடக்குற இல்ல, மூட்டையத் தூக்கிட்டு? அதுமாதிரி."

சிரித்தார்கள். கமா சார் சிரிக்கவில்லை. விரலால் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே வந்தார்.

"கிண்டல் பண்ணாதீங்க. முத லெட்டர்ல 'ஷார்ட்லி', அதாவது சீக்கிரத்துல. ரெண்டாவதுல 'இன் டியூ கோர்ஸ்', அதாவது முறைப்படி. மூணாவதுல 'டௌன் த லைன்', வரிசையில நிக்கிறோம், நம்ம முறை வரும். இப்போ 'இன் த லாங் ரன்'. பாத்தீங்களா? நகருது. இத எழுதுறவன் சாதாரண ஆள் இல்ல. நாலு லெட்டர்ல ஒரு கமா தப்பில்ல. இவ்ளோ ஒழுங்கா எழுதுறவன் ஏமாத்த மாட்டான்."

அவள் ஓசையில்லாமல் படியை நோக்கி நகர்ந்தாள்.

"ஏழாவது மாடி!" கமா சார் கூப்பிட்டார். "நில்லும்மா. கம்பெனிக்கு அஞ்சாவது லெட்டர் எழுதியாச்சு. சூடா எழுதியிருக்கேன். அம்மா கையெழுத்துதான் முதல்ல வரணும். வயசானவங்க கையெழுத்துன்னா ஒரு மரியாதை இருக்கும்."

"சார், கொஞ்ச நாள் பொறுத்து எழுதலாமே."

"எதுக்குப் பொறுக்கணும்? எழுத எழுதத்தான் நகரும்."

நகரும். அவளுக்கும் அது தெரியும். எந்தப் பக்கம் நகரும் என்பது அங்கே நின்றவர்களில் அவளுக்கு மட்டும் தெரியும்.

தாளை வாங்கிக்கொண்டு படி ஏறினாள்.

"லெட்டர் வந்துச்சாமே," என்றாள் அம்மா, கதவைத் திறந்தவுடன். ஏழாவது மாடிக்குச் செய்தி மட்டும் லிஃப்ட் இல்லாமல் ஏறிவிடும். "என்ன போட்டிருக்கான்?"

"சீக்கிரம் சரி பண்றானாம்."

"சீக்கிரம்னா எப்போ? போன தடவையும் இதத்தான் சொன்ன."

"போன தடவையும் அதத்தான்மா போட்டிருந்தான்."

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துப் பிரித்தாள். முந்தானையால் துடைத்தாள். தூசி எதுவும் இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் இப்படி ஒரு தடவை துடைத்துவிட்டு, மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைப்பாள்.

"அக்காவ ஒரு தடவ பாத்துட்டாப் போதும். அப்புறம் இந்த லிஃப்ட் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன."

கையெழுத்துப் போடும்போது அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கு எழுத்து. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அவள் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி ஒரு வருடத்துக்கு முன்னால் இன்னொரு சின்ன கம்பெனியை வாங்கியது. அந்தச் சின்ன கம்பெனியின் பழைய லிஃப்டுகள் எல்லாம் சேர்ந்து வந்தன. அவள் கட்டடத்து லிஃப்டும் அப்படி வந்ததுதான். அதற்கு முன்னால் தன் வேலையைப் பற்றி யாரிடமும் சொல்ல அவளுக்கு அவசியம் வந்ததில்லை. டைப்பிங் வேலை என்று சொல்வாள், கேட்டவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அவசியம் வந்தபோது சொல்லக்கூடிய நிலை இல்லை.

புகார்க் கடிதங்களுக்குப் பதில் போடுவது அவள். பதினோரு வருடமாக அதே மேசை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு அலமாரி, ஒரு மின்விசிறி. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள். அதில் ஐந்து வரி.

ஒன்று, ஷார்ட்லி. இரண்டு, இன் டியூ கோர்ஸ். மூன்று, டௌன் த லைன். நான்கு, இன் த லாங் ரன். ஐந்து, ஈவென்சுவலி.

ஒரே வார்த்தையை ஒரே விலாசத்துக்கு இரண்டு தடவை அனுப்பக் கூடாது. அதுதான் விதி. பல வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கிளார்க் ஒரே வரியை ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை அனுப்பிவிட்டான். வீட்டுக்காரர் இரண்டையும் கோர்ட்டில் வைத்தார். ஒரு தடவை சொன்னால் அது பேச்சு, இரண்டு தடவை சொன்னால் அது வாக்கு என்று நீதிபதி எழுதிவிட்டார். முப்பது நாளில் வேலையை முடிக்கவேண்டி வந்தது. அதிலிருந்து கம்பெனி வக்கீல் ஒவ்வொரு பதிலின் நகலையும் வாங்கி, விலாசவாரியாக ஒரு நோட்டில் குறித்து வைத்தார்.

ஆகவே முதல் கடிதத்துக்கு ஒன்று. மறுபடி எழுதினால் இரண்டு. எழுத எழுத எண் ஏறும், லிஃப்ட் தள்ளிப் போகும். எழுதாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களின் லிஃப்ட் ஒன்றாம் எண்ணிலேயே நிற்கும். மெக்கானிக்குகளுக்கு வேலை ஒன்றாம் எண் அடுக்கிலிருந்துதான் போகும். ஐந்தாம் எண் போன பிறகு ஃபைல் கீழ் அடுக்குக்கு இறங்கும். கீழ் அடுக்கிலிருந்து ஒரு ஃபைல் மேலே வந்து அவள் பார்த்ததில்லை.

அந்த ஐந்து வரியையும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியவள் அவள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மேனேஜர் கேட்டார்.

"உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. ஆள் நம்பிக்கையோட இருக்கணும். தேதி மட்டும் இருக்கக் கூடாது. அப்படி அஞ்சு வார்த்தை சொல்லு."

ஒரு மதியம் முழுவதும் யோசித்தாள். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' வேண்டாம் என்று அடித்தாள், அதில் நாள் என்று வருகிறது. 'சூனர் ஆர் லேட்டர்' வேண்டாம், அதில் எரிச்சல் தெரிகிறது. நான்கிலும் ஐந்திலும் எது தூரம் என்று நெடுநேரம் நிறுத்துப் பார்த்தாள். 'இன் த லாங் ரன்' என்றால் எங்கேயோ ஒரு முடிவு இருப்பதுபோல் இருக்கிறது. 'ஈவென்சுவலி' என்றால் என்றைக்காவது ஒரு நாள், அதில் அதுவும் இல்லை, ஆனால் கேட்க மென்மையாக இருக்கிறது. அப்போது அது குறுக்கெழுத்துப் புதிர் போடுவதுபோல் சுகமாக இருந்தது. மேனேஜர் தட்டிக்கொடுத்தார்.

தாளை வெளியே காட்டினால் வேலை போகும். தனக்கு வேண்டிய விலாசம் என்று சொன்னால் ஃபைல் பக்கத்து மேசைக்குப் போகும். அங்கேயும் அதே தாள். கமா சாரின் மூன்றாவது கடிதத்தை ஒரு வாரம் டிராயரில் வைத்துப் பார்த்தாள். அவர் அதையே பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பினார். பதிவுத் தபாலைத் தபால் பிரிவான டெஸ்பாட்சில் எண் போட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள், அதை ஒளித்து வைக்க முடியாது.

ஒரு தடவை மேனேஜரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியும் பார்த்தாள்.

"சார், ஒரு பில்டிங்ல ஏழாவது மாடியில வயசான அம்மா ஒருத்தங்க இருக்காங்க. இறங்கவே முடியலையாம்."

மேனேஜர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை.

"எல்லா பில்டிங்லயும் ஏழாவது மாடியில ஒரு வயசான அம்மா இருப்பாங்கம்மா. அடுத்தது."

ஐந்தாவது கடிதத்தைக் கமா சாரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்கு நாள் கழித்து டெஸ்பாட்ச் அண்ணன் அதை அவள் மேசையில் வைத்தார்.

"இந்தாம்மா லெட்டர் மேடம், உன் காதலர் மறுபடி எழுதியிருக்காரு. சிவப்புல அடிக்கோடெல்லாம் போட்டிருக்காரு பாரு."

பிரித்தாள். இருபத்திரண்டு கையெழுத்து. முதலாவதாக அம்மாவுடையது, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே. அம்மாவால் போக முடியாத நூற்று இருபத்தாறு படியையும் அது இறங்கி, தபாலில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு அவள் கைக்கே வந்துவிட்டது.

மேலே டெஸ்பாட்ச் அண்ணன் பென்சிலால் எழுதியிருந்தார்: 5.

அலமாரியைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள். மூடினாள். பார்க்கவேண்டிய அவசியம் இல்லை, பதினோரு வருடத்தில் விரலுக்கே தெரியும்.

காலையில் பெரியம்மாவின் மகன் போன் செய்திருந்தான். பெரியம்மா நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் கரண்டியில்தான்.

அவள் ஃபைலைப் பின்னாலிருந்து புரட்டி முதல் பதிலின் நகலை எடுத்தாள். எதிரில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடித்தாள். தங்கள் லிஃப்ட் ஷார்ட்லி கவனிக்கப்படும். அதே வரி. அதே கமா. தேதியும் எண்ணும் மட்டும் வேறு.

நாற்பது கடிதத்துக்கு நடுவில் அதைச் சொருகி மேனேஜர் மேசையில் வைத்தாள். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதினோரு வருடத்தில் அவள் அடித்ததை அவர் படித்துப் பார்த்ததில்லை. நம்பிக்கை.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் லிஃப்ட் கதவுக்கு வந்தது. அவள் வந்தபோது கமா சார் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா ஏழாவது மாடி? பழைய லெட்டரையே திருப்பி அனுப்பிட்டான்! எழுத்து மாறல! நான் அவனப் பெரிய ஆள்னு நெனச்சேன். சோம்பேறிப் பய."

"விடுங்க சார், 'ஷார்ட்லி'ன்னுதான போட்டிருக்கு? நல்லதுதான?"

"என்ன நல்லது? நாலு படி ஏறி மறுபடி கீழ வந்து நிக்கிறோம். நாளைக்கே ஆறாவது எழுதுறேன். இந்த அஞ்சாவதையும் கூடவே வெச்சு, நீயே வெச்சுக்கோடான்னு திருப்பி அனுப்புறேன்."

திருப்பி அனுப்பினால் அந்த இரண்டாவது 'ஷார்ட்லி' இல்லாமலே போய்விடும்.

"ஒரு மாசம் பொறுங்க சார். ஒரே மாசம்."

"நீ எப்பப் பாத்தாலும் பொறுங்க பொறுங்கன்னுதான் சொல்ற. உங்கம்மாதான் மேல மாட்டிக்கிட்டுக் கிடக்காங்க. உனக்குக் கோவமே வராதா?"

டெய்லரக்கா அவளைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு படி ஏறினாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். அவர் முன்னால் வக்கீலின் நோட்டு விரிந்து கிடந்தது. ஒரே விலாசத்தின் நேரே இரண்டு இடத்தில் 1.

"என்னம்மா இது?"

"தப்பாயிடுச்சு சார்."

"பதினோரு வருஷத்துல ஒரு தப்பு பண்ணதில்ல நீ."

"அதான் சார். இப்பப் பண்ணிட்டேன்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது பிறந்த நாள் என்றால் முதலில் கை கொடுப்பவர் அவர்தான்.

"வக்கீல் குதிக்கிறாரு. ரெண்டுல ஒண்ணு. முப்பது நாள்ல ரிப்பேர் பண்ணணும். இல்லன்னா அந்த லெட்டர் நம்ம கைக்குத் திரும்ப வரணும். அவங்களா குடுத்துட்டா போனதே கணக்கில்ல. நீ அடிச்சது, நீயே போய் வாங்கிட்டு வா. தப்பா வந்துடுச்சுன்னு சொல்லி, சரியானத அவங்க கையில குடு."

சரியானதை அவளே அடித்தாள். ஈவென்சுவலி. மேனேஜர் இந்தத் தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் பழக்கமான சீட். பழக்கமான நிறுத்தம். வேலை நேரத்தில் தன் கட்டடத்துக்குள் நுழைவது திருட வந்ததுபோல் இருந்தது. ஐம்பத்து நான்கு படி ஏறி மூன்றாம் மாடியில் மணியை அடித்தாள்.

கமா சார் கையில் சிவப்புப் பேனாவோடு வந்து திறந்தார்.

"ஏழாவது மாடியா? இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல சார். உங்களத்தான் பாக்க வந்தேன்."

மேசையில் ஆறாவது கடிதம் பாதி எழுதியபடி இருந்தது. பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க லிஃப்ட் கதவிலிருந்து பிரித்தெடுத்த முதல் பதில். ஐந்தாவது பதிலைத் திருப்பி அனுப்புவதற்காக மடித்து உறைக்குள் வைத்திருந்தார். ஓரம் வெளியே தெரிந்தது. கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்கக்கூட வேண்டாம், தபாலில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னால் போதும். பெட்டியில் போட ஆள் கிடைத்தது என்று சந்தோஷமாகக் கொடுப்பார். கைப்பைக்குள் மாற்றுக் கடிதம் தயாராக இருந்தது. வேலையும் இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மேலே நான்கு மாடிக்கு அப்பால் அம்மா ஜன்னலில் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சார், இந்த லெட்டர யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"முதல்ல வந்ததும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு. அப்படி ரெண்டு வந்துட்டா கம்பெனி முப்பது நாள்ல ரிப்பேர் பண்ணியாகணும். அதான் இத வாங்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க."

"யார அனுப்பியிருக்காங்க?"

"என்னைத்தான் சார்."

கமா சார் உட்கார்ந்தார். பேனாவுக்கு மூடி போட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து வரி, அலமாரிக் கதவு, எண், கீழ் அடுக்கு. நின்றுகொண்டே சொன்னாள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"அப்போ நான் எழுத எழுத..."

"தள்ளிப் போச்சு சார்."

"எட்டு மாசமா நான் உனக்கா எழுதிட்டிருந்தேன்?"

"எனக்குத்தான் சார்."

"'டௌன் த லைன்' நீதானா?"

"நான்தான்."

"'இன் த லாங் ரன்'?"

"நான்தான் சார்."

கமா சார் பேனா மூடியை இன்னொரு தடவை அழுத்தினார்.

"அதுல ஒரு கமா தப்பில்ல," என்றார். அதை அவர் சொன்ன விதத்துக்குக் கெட்ட வார்த்தையால் திட்டியிருக்கலாம். "பெத்த அம்மாவ மேல வெச்சுக்கிட்டு எப்படிம்மா கை வந்துச்சு?"

கை தானாக வந்தது. அதுதான் பதில்.

கமா சார் எழுந்தார். உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, முதல் கடிதத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆறாவது கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"போய்ச் சொல்லு. கிழவன் குடுக்க மாட்டேன்னுட்டான்னு."

கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார்.

அவள் ஏழாவது மாடிக்குப் போகவில்லை. ஐம்பத்து நான்கு படி இறங்கினாள்.

"குடுக்க மாட்டேன்னுட்டார் சார்," என்றாள் மேனேஜரிடம். மாற்றுக் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"நீ ஒழுங்காக் கேட்டியா?"

"பேசிப் பாத்தேன் சார்."

"அந்த பில்டிங்ல உனக்கு யாரையாவது தெரியுமா?"

"ஏழாவது மாடியில ஒரு வயசான அம்மா இருக்காங்க."

"எல்லா பில்டிங்லயும்தான்..."

மேனேஜர் பாதியில் நிறுத்தினார். அவளை ஏறிட்டுப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிராயரைத் திறந்து ஊழியர் பட்டியலை எடுத்தார். விரலை வைத்துத் தேடினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார்."

அவர் பட்டியலை மூடினார். பிறகு மெக்கானிக் பகுதிக்குப் போன் செய்து ஒரு தேதி கேட்டார். போனை வைத்துவிட்டு, தாளில் குறித்து அவளிடம் நீட்டினார்.

"இத அடிச்சுக் குடு. இதுதான் கடைசி. வக்கீல்கிட்ட தப்புன்னுதான் சொல்லப் போறேன், வேல போகாது. நாளையிலேருந்து கீழ ரெக்கார்டு ரூம்ல உக்காரு. பழைய ஃபைலுக்கெல்லாம் நம்பர் போடணும்."

ரெக்கார்டு ரூம் தரைக்குக் கீழே. கீழ் அடுக்கு ஃபைல்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம்.

"எவ்ளோ நாளைக்கு சார்?"

"பாக்கலாம். கொஞ்சம் ஆறட்டும். டௌன் த லைன் உன்ன மேல கொண்டு வந்துடலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் எண். முதல் தடவையே மூன்று.

மேசைக்குப் போய் அந்தக் கடிதத்தை அடித்தாள். பதினான்காம் தேதி காலை. தலைப்பில் போடும் தேதியைத் தவிர ஒரு கடிதத்துக்குள் அவள் அடித்த முதல் தேதி. 1. 4. விரல் இரண்டு தடவை சரிபார்த்தது.

அன்று ஐந்தாம் தேதி. வெளிக் கடிதங்களோடு அதைச் சேர்க்காமல் அவளே கொண்டுபோனாள். கமா சாரின் கதவடியில் தள்ளிவிட்டு, மணி அடிக்காமல் ஏறினாள். நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கமா சாரின் செருப்புச் சத்தம், கீழ்நோக்கி. டெய்லரக்காவின் குரல், டிரைவரின் குரல். யாரோ கை தட்டினார்கள். அவள் பெயரை யாராவது சொல்கிறார்களா என்று காது கொடுத்தாள். கமா சார் தேதியை மட்டும் உரக்கப் படித்தார்.

அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். செருப்பு ஏற்கெனவே கையில் இருந்தது.

"பதினாலுன்னு சத்தம் கேக்குதே. என்னடி?"

"பதினாலாம் தேதி லிஃப்ட் சரி பண்ண வர்றாங்கம்மா."

"பதினாலாம் தேதின்னா எப்போ?"

எட்டு மாதமாக ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்ட அதே கேள்வி.

"பதினாலாம் தேதின்னா பதினாலாம் தேதிதாம்மா. இன்னும் ஒம்பது நாள்."

அம்மா நம்பவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து, மறு கையில் நான்காவது விரலில் நிறுத்தினாள்.

"ஒம்பது நாளு அக்கா இருப்பாளா?"

வாய் வரை அலமாரிக் கதவின் ஐந்து வரியும் வந்தன. ஐந்தையும் விழுங்கினாள்.

"தெரியலம்மா."

அம்மா மடக்கிய விரல்களை உடனே பிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்துச் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். இந்தத் தடவை அதைச் செய்தித்தாளில் சுற்றவில்லை.